அத்தியாயம் 5: விபத்து நடந்த பிறகு லொறித் தொழிலுக்கு வருவது எப்படி?

மலையகத்தில் வண்டி ஓட்டப் பழகும் இளைஞர்கள் நேராக லொறியில் ஆரம்பிப்பதில்லை. தோட்டத்துப் பாதையில் அண்ணனின் முச்சக்கர வண்டி, சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள், கொழுந்து ஏற்றும் ட்ரக்டர் என்று கைக்குக் கிடைத்ததில்தான் பழகுகிறார்கள். லைசன் எடுக்கும் முன்பே ஓட்டியவர்களும் உண்டு. அதனால் இருபது, இருபத்திரண்டு வயதில் லொறிக்கு வர நினைப்பவரிடம் ஏதாவது ஒரு விபத்தின் கதை இருப்பது அபூர்வமல்ல.

“எனக்கு இனி யார் வண்டி கொடுப்பார்கள்?” என்று ஒதுங்கி நிற்பவர்களுக்காகவே இந்த அத்தியாயம். நடந்த விபத்தை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் அதன் வழக்கை முடிக்கலாம், காரணத்தைத் திருத்தலாம், கேட்பவரிடம் மறைக்காமல் சொல்லலாம். இந்த மூன்றையும் செய்தவருக்கு வேலை கிடைக்கும். செய்யாதவர் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், என்றைக்காவது ஒரு நாள் பழைய விபத்து அவர் வேலையைப் பறித்துவிடும்.

முதல் வேலை: பழைய கணக்கை முடியுங்கள்

எல்லா விபத்தும் ஒன்றல்ல. உங்களுடையது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டிக்கு மட்டும் சேதம். யாருக்கும் காயமில்லை, இரண்டு பக்கமும் பேசித் தீர்த்தாயிற்று என்றால் பெரிய சிக்கல் இல்லை. பொலிஸில் முறைப்பாடு பதிவாகியிருந்தால் அது எப்படி முடிந்தது என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ‘பேசித் தீர்த்தோம்’ என்று நினைத்துக்கொண்டிருக்க, மறுபக்கத்தார் பிறகு முறைப்பாடு செய்திருக்கவும் கூடும்.

தண்டச்சீட்டு. பொலிஸார் லைசனை எடுத்துக்கொண்டு தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுத்தால், 14 நாட்களுக்குள் தபாலகத்தில் தண்டப்பணத்தைக் கட்டி ரசீதைக் காட்டி லைசனைத் திரும்ப வாங்க வேண்டும். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று விட்டால் அது நீதிமன்றத்துக்குப் போகும். லைசன் பொலிஸில் கிடக்க, வேலை தேடி அலைபவர்கள் நிறையப் பேர்.

காயம் ஏற்பட்ட விபத்து. இது நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். வழக்கு இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தவணைக்கும் போகாமல் இருக்காதீர்கள். தவணைக்கு வராதவருக்குப் பிடியாணை பிறக்கும். பிடியாணை உள்ளவர் கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போகும்போது சோதனைச் சாவடியில் சிக்கினால், சரக்கோடு லொறி நடு ரோட்டில் நிற்கும். எந்த முதலாளியும் அதை மன்னிக்கமாட்டார்.

மரணம் ஏற்பட்ட விபத்து. கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் என்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் வரும் குற்றம். இந்த வழக்கு நிலுவையில் இருக்கும்வரை லொறிக் கனவை ஒதுக்கி வையுங்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காகவே இயங்கும் அரச நிறுவனம் அது.

லைசன் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது. இந்த இரண்டுக்கும்தான் முதலாளிமார் அதிகம் பயப்படுகிறார்கள். லைசன் இல்லாதவர் ஓட்டிய வண்டிக்குக் காப்புறுதி நிறுவனம் நட்டஈடு கொடுக்க மறுக்கும்; முழுச் செலவும் உரிமையாளர் தலையில் விழும். நீதிமன்றம் லைசனை இடைநிறுத்தியிருந்தால் அந்தக் காலம் முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். தோட்டத்துக்குள்ளே, கொஞ்சத் தூரம்தானே என்றும் ஓட்டாதீர்கள்.

வாக்குமூலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் பிரதேசப் பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலத்தைப் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதுகிறார்கள். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பக்கத்தில் ‘வேகமாக வந்தேன்’ என்ற ஒரு வரி இருந்தால், அது வழக்கு முடியும்வரை உங்களோடு வரும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். தண்டப்பண ரசீது, நீதிமன்றக் கட்டளையின் பிரதி, காப்புறுதிக் கடிதம், வைத்தியசாலைத் துண்டு எல்லாம் அதில் இருக்கட்டும். லயத்தில் மழைத் தண்ணீர் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு தாளையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பையும் மனதையும் சோதியுங்கள்

லைசனுக்குத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். கண்பார்வை, காது, இரத்த அழுத்தம், கைகால் அசைவு எல்லாம் பார்ப்பார்கள். விபத்தில் தலையில் அடிபட்டிருந்தால், வலிப்பு வந்திருந்தால், ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். மறைத்து வாங்கிய சான்றிதழோடு இறம்பொடை வளைவில் வலிப்பு வந்தால், போவது உங்கள் உயிர் மட்டுமல்ல.

மனக்காயம் வெளியே தெரியாது. விபத்து நடந்த இடத்தைத் தாண்டும்போது கை நடுங்குவது, ஹோர்ன் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, இரவில் அதே காட்சி கனவில் வருவது என்று மாதக்கணக்கில் நீடித்தால் உதவி தேடுங்கள். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். இதை வெட்கமாக நினைத்து, நடுக்கத்தை அடக்கச் சாராயத்தைத் தேடியவர்கள் லொறியையும் இழந்திருக்கிறார்கள், குடும்பத்தையும் இழந்திருக்கிறார்கள்.

எந்த வண்டிக்கு எந்த லைசன்

லொறி என்று பொதுவாகச் சொன்னாலும், சட்டம் மொத்த எடையை வைத்துத்தான் பிரிக்கிறது. சரக்கோடு சேர்ந்த எடை அது.

- பி வகை: மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத வாகனங்கள். கார், வேனோடு நம் ஊரில் எங்கும் ஓடும் ‘பட்டா’ லொறியும் இதில் அடங்கும்.
- சீ1 வகை: 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோவுக்குள். மரக்கறி ஏற்றும் கென்டர், எல்ஃப், ஆறு டயர் லேலண்ட், டாட்டா லொறிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.
- சீ வகை: 17,000 கிலோவுக்கு மேல். பத்து டயர் டிப்பர் போன்றவை.
- சீஈ வகை: ட்ரெய்லர் பூட்டிய கனரக வண்டிகள். துறைமுகத்துக்குக் கொள்கலன் இழுக்கும் வேலைக்கு இது வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்தில் கிடைக்கும் லொறி வேலைகளில் பெரும்பகுதிக்கு பி, சீ1 இரண்டும் போதும். முதலிலேயே கனரகத்துக்கு ஆசைப்பட வேண்டாம். சட்டமும் அப்படி விடாது. இலகுரக லைசன் எடுத்து, அதில் காலம் கழித்து வந்தவருக்குத்தான் கனரகம்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். வீதிச் சட்டப் புத்தகத்தை லேனர்ஸில் கேட்டு வாங்கிப் படியுங்கள். புரோக்கரிடம் காசு கொடுத்துச் செய்முறைப் பரீட்சையைத் தாண்டுவது உங்களைப் போன்றவருக்கு இரட்டை ஆபத்து. விபத்துக்கு ஒரு காரணம் பயிற்சிக் குறைவு என்றால், அந்தக் குறையோடு இன்னும் பெரிய வண்டியில் ஏறுகிறீர்கள் என்று அர்த்தம். இலகுரக லைசன் 8 ஆண்டுக்கும், கனரக லைசன் 4 ஆண்டுக்கும் செல்லும். புதுப்பிக்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ மற்ற அரச பயிற்சி நிலையங்களிலோ சாரதித் தொழிலுக்கான என்.வி.கியூ. சான்றிதழ் பற்றி விசாரியுங்கள். ஏற்கெனவே தொழில் தெரிந்தவரின் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் இருக்கிறது. விபத்துப் பதிவுள்ள இளைஞருக்கு அந்தத் தாள் மற்றவரைவிட அதிகம் உதவும். ‘அதற்குப் பிறகு நான் முறையாகப் படித்தேன்’ என்பதற்கு அதுதான் சாட்சி.

கிளீனர் சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு

நம் பகுதியில் லொறி வேலைக்கு விண்ணப்பப் படிவம் அரிது. ஆள் தெரிந்துதான் எடுப்பார்கள். எனவே விபத்துக்குப் பிறகு நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்கச் சுலபமான இடம் கிளீனர் சீட்.

கிளீனர் வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். நல்ல டிரைவர் ஒருவருடன் ஆறு மாதம் போனால், லேனர்ஸில் கிடைக்காத பாடம் கிடைக்கும். சரக்கை எப்படி அடுக்குவது, கயிற்றை எங்கே இறுக்குவது, எந்த வளைவில் எந்த கியர், எங்கே பஸ்ஸுக்கு வழிவிட இடம் இருக்கிறது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். டிரைவரைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். குடிக்கிற டிரைவரிடம் பழகினால் வேலையோடு பழக்கமும் வரும்.

அடுத்த படி பட்டா லொறி. ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலை கடைகளுக்குச் சரக்கு போடும் ஏஜென்சிகள், சீமெந்தும் கம்பியும் கொண்டுபோகும் ஹார்ட்வெயார் கடைகள், தோட்டங்களுக்கு அரிசி மா கொண்டுபோகும் மொத்த வியாபாரிகள் என்று பகல் வேலை தருபவர்கள் இருக்கிறார்கள். தூரம் குறைவு, வேகம் குறைவு, இரவில் வீட்டுக்கு வரலாம். ஒன்றிரண்டு வருடம் இப்படிச் சுத்தமாக ஓட்டிவிட்டு சீ1 எடுத்து கென்டருக்குப் போவது நல்லது.

தோட்டத்துக் கொழுந்து லொறியும் நல்ல பயிற்சிக் களம். ஆனால் கொழுந்து மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றும் பழக்கத்துக்கு ஒத்துப்போகாதீர்கள். மழை நேரம், பெரட்டுக்கு நேரமாகிறது என்று அக்காமார் கேட்பார்கள், மறுப்பது கஷ்டம்தான். ஆனாலும் அவர்களில் ஒருவர் வளைவில் விழுந்தால், உங்கள் இரண்டாவது விபத்துக்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

மரக்கறி லொறி கடைசிப் படியாக இருக்கட்டும். நுவரெலியாவிலும் கெப்பட்டிபொலயிலும் பின்னேரம் ஏற்றி, விடியுமுன் பேலியகொடை மனிங் சந்தைக்கோ தம்புள்ளைக்கோ போய்ச் சேர வேண்டிய வேலை. காசு நல்லது. ஆனால் இரவு ஓட்டம், நேர அவசரம், நிறைசுமை மூன்றும் ஒன்றாகச் சேரும்.

முதலாளியிடம் என்ன சொல்வது

அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஹட்டன் சிறிய ஊர். இன்று நீங்கள் மறைத்ததை நாளை டீக்கடையில் வேறொருவர் சொல்வார். நான்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: என்ன நடந்தது, யார் பிழை, வழக்கு என்ன ஆனது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள். இப்படி:

“மொதலாளி, வேலைக்குச் சேர்றதுக்கு முன்ன ஒன்னு சொல்லிறணும். ரெண்டு வருசத்துக்கு முன்ன த்ரீவீல்ல போய் ஒரு பைக்கில இடிச்சிட்டேன். பிழை என்மேலதான், மழையில வேகமா வந்துட்டேன். கோட்டுல தண்டம் கட்டி கேஸ் முடிஞ்சிருச்சு, ரசீது கையில இருக்குங்க. அதுக்கப்புறம் ஒரு வருசம் சுப்பையா அண்ணன் லொறியில கிளீனரா இருந்தேன். வேணும்னா அவர்கிட்டயே கேளுங்க.”

“சரி தம்பி, மொதல்ல ஒரு மாசம் நம்ம டிரைவரோட கூடப் போ. அவன் சொல்லட்டும், பாப்போம்.”

இந்தப் பதில் வந்தால் வேலை பாதி கிடைத்த மாதிரி. மற்றவன்மேல் பழி போட்டு நீளமாகக் கதை சொன்னால் முதலாளி தலையாட்டிக் கேட்பார், ஆனால் சாவி தரமாட்டார். அவருடைய கவலையையும் புரிந்துகொள்ளுங்கள். ஒரு விபத்துக்கு நட்டஈடு கோரினால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் காப்புறுதியில் கிடைக்கும் கழிவு அவருக்குப் போய்விடும். லொறி கராஜில் நிற்கும் நாட்களுக்கும் லீசிங் தவணை நிற்காது.

பள்ளம் இறங்கப் பழகுங்கள்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து ஏ7 பாதையில் நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு வரும்போது ஏறத்தாழ 1,800 மீற்றர் கீழே இறங்குகிறீர்கள். சரக்கோடு 10 தொன் எடையுள்ள லொறி அவ்வளவு இறங்கும்போது வெளியாகும் சக்தி, சுமார் 49 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அந்தச் சக்தி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். இன்ஜினில் விடாவிட்டால் முழுவதும் பிரேக் ட்ரம்மில் சூடாக மாறும். சூடேறிய லைனர் பிடிக்காது. பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் வெறுமனே உள்ளே போகும். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று சொல்லப்படும் பல விபத்துகள், பிரேக் கெட்டதால் அல்ல, பிரேக்கை மட்டும் நம்பியதால் நடந்தவை.

- ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ, இறங்கவும் அந்த கியர்தான். பள்ளம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பாதி வழியில் மாற்றப் போனால் கியர் விழாமல் வண்டி ஓடிவிடும்.
- எக்ஸோஸ்ட் பிரேக் இருந்தால் பயன்படுத்துங்கள். வேலை செய்யாவிட்டால் முதலாளியிடம் சொல்லித் திருத்துங்கள்.
- டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள்.
- பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, திரும்ப அழுத்துங்கள்.
- லைனர் கருகும் வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, தானாக ஆற விடுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும்.
- கழுவிய கெரட் ஈரத்தோடு ஏறும்போது கணக்கைவிடப் பாரம் கூடும். மூட்டைகளை உயரமாக அடுக்கினால் வளைவில் வண்டி சாயும். கனமானது கீழே, நடுவே.
- குறுக்குப் பாதையை நம்பும் முன் பலகையைப் பாருங்கள்.

கடைசி விதிக்கு நாம் கொடுத்த விலை அதிகம். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில், கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். ஆபத்து குறுக்குப் பாதையில் மட்டுமல்ல: 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டிஎல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பாதைகளில்தான் நீங்களும் ஓட்டப் போகிறீர்கள்.

அடைமழைக் காலத்தில் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பாதை மூடப்பட்டிருக்கிறதா என்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தில் கேட்கலாம். கண் சொக்கினால் நிறுத்தி அரை மணி நேரம் தூங்குங்கள். பிந்திப் போன கோவாவுக்கு விலை குறையும், அவ்வளவுதான்.

சம்பளமும் உரிமையும்

ட்ரிப் கணக்கில் கூலி வாங்கினாலும் நீங்கள் ஊழியர்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். சேரும்போதே கேளுங்கள். சேதம் வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களா, எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். முதல் நாளே காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர் மூன்றையும் பாருங்கள். தேய்ந்த டயரோடு ஓடு என்பவரிடம் வேலை செய்ய வேண்டாம். அங்கே நடக்கும் விபத்தும் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

சில வருட அனுபவத்துக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்கு ட்ரெய்லர் ஓட்டப் போக நினைப்பவர்கள், ஏஜென்சி பதிவுபெற்றதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். அங்கே வாகனங்கள் வீதியின் வலப்பக்கம் ஓடுகின்றன. புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

திரும்பவும் ஒரு விபத்து நடந்தால்

வண்டியை நிறுத்துங்கள். ஓடிவிடாதீர்கள், ஓடியவருக்குச் சட்டத்திலும் இடமில்லை, தொழிலிலும் இடமில்லை. காயப்பட்டவருக்கு 1990 இல் சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள், 119 இல் பொலிஸுக்குச் சொல்லுங்கள், பிறகு முதலாளிக்கும் காப்புறுதிக்கும் சொல்லுங்கள். வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கூட்டம் கூடினால் வாக்குவாதம் செய்யாமல், பயமாக இருந்தால் நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

தொடங்கும் முன் சரிபார்க்க

1. பழைய வழக்கின் முடிவு எழுத்தில் கையில் இருக்கிறதா?
2. லைசன் இடைநிறுத்தக் காலம் முடிந்ததா?
3. மருத்துவச் சான்றிதழை உண்மை சொல்லி வாங்கினீர்களா?
4. உங்களுக்காகப் பேச ஒரு மூத்த டிரைவர் இருக்கிறாரா?
5. விபத்துக்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர் இன்னும் தயாராகவில்லை. ஐந்துக்கும் ‘ஆம்’ என்பவர் தயங்க வேண்டாம். எதற்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடியாதவர்கள் முதலாவதிலிருந்து தொடங்குங்கள். வருகிற திங்கட்கிழமை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், வழக்கு இலக்கத்தைச் சொல்லி அதன் நிலையைக் கேளுங்கள். லொறி தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.